மணல் வாளியோடு நின்றவன்

நேற்றுப் பின்னேரம் கராஜுக்குப் போவதற்காக ஒரு வெள்ளைச் சேட்டை எடுத்து அயன் பண்ணினேன். பிழை இதிலேயே தொடங்குகிறது. வேலைத்தலத்துக்குள் வெளிர் நிற உடுப்புக் கூடாது, நீளக் கை கூடாது, மோதிரம் கூடாது, கைக்கடிகாரம் கூடாது என்று உத்தியோக காலம் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். நேற்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன். மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல. லொறி ஒண்டு ஸ்டார்ட் பண்ணப் போகினம்."

"அதுக்கு மணிக்கூடும் கட்டிக்கொண்டோ?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

காலையில் மகள் எஸ்தர் போன் எடுத்திருந்தாள். லிங்கநகரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு கராஜ் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு என்ன கராஜ் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. ஊர் அதைக் கேட்டுக் களைத்துவிட்டது.

"அப்பா, சல்லி லொறி முடிஞ்சுது. பின்னேரம் முதல் ஸ்டார்ட். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

கட்டாயம் என்றாள். ஓய்வுபெற்ற மனிதனுக்கு அப்படி ஒரு சொல் கிடைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கலாம். நான் மென்றேன். அடியிலிருந்து தலைவரை கழற்றி, துளை பெருப்பித்து, புதுப் பிஸ்ரன் போட்டுப் பூட்டிய எஞ்சின் அது. தன் சொந்தக் கராஜில் அவள் முழுதாகச் செய்த முதலாவது. அதன் முதல் ஸ்டார்ட்டுக்குப் பெற்ற தகப்பனை, அதுவும் மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியராக இருந்து இளைப்பாறிய தகப்பனைக் கட்டாயம் வரச் சொன்னால், அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருக்க முடியும். ஸ்டார்ட் பண்ணும் திறப்பை என் கையில் தரப்போகிறாள்.

இது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் மணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த லொறி சல்லிக் கிராமத்திலிருந்து கருவாடு ஏற்றுவது. எஞ்சினைக் கழற்றி, டீசலில் குளிப்பாட்டி, சோடாவில் அவித்து, வெள்ளி நிறத்தில் பெயின்ற் அடித்திருந்தார்கள். ஆனாலும் வாசலில் கால் வைத்ததும் கருவாடுதான் வந்து வரவேற்றது. அதற்குப் பின்னால் டீசல், அதற்கும் பின்னால் காயாத பெயின்ற். அந்த மூன்றும் அந்த வரிசையில் வந்தபோது நான் லிங்கநகரில் இல்லை. துறைமுகத்துக்குள் இருந்த பழைய வாகன வேலைத்தலத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மீசை சரியாக முளைக்காத முகத்தோடு நின்றேன். அங்கேயும் கடற்காற்றில் கருவாடு வரும். ஆனால் அது பஸ்ரியனின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வருவது.

பஸ்ரியனும் நானும் ஒரே நாளில் பயிலுநர்களாகச் சேர்ந்தவர்கள். அவன் கத்தோலிக்கன், நான் மெதடிஸ்ற். அவன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியவன். நான் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, வேறு இடம் கிடைக்காமல் வந்தவன். அவன் பாடுவான், காற்பந்து அடிப்பான், அடுத்தவன் சோற்றில் கை வைப்பான். கை வைக்கப்பட்டவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவேயில்லை. என் சோற்றில் அவன் கை வைத்தபோது நானும் சிரித்தேன் என்பது இன்னும் விளங்காத விடயம்.

எங்கள் போர்மன் ஹனீபா நானா, கிண்ணியாக்காரர். அவர் காலத்து வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு எஞ்சின் முழுதாகத் திருத்தி முடிந்ததும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்க வேண்டும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். சேட்டுப் பையிலிருந்து திறப்பை எடுப்பார். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிறகு ஒருவனிடம் நீட்டுவார். ஏன் அவன் என்று கேட்கக் கூடாது. அவன் ஏறி ஸ்டார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் பிடித்ததும் இறங்கி ஓடி, புகைக்குழாயின் வாயில் முதல் வந்த கரியை விரலால் தொட்டு, எஞ்சினின் மேல் மூடியில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு நாவூறு படாமல் கன்னத்தில் வைப்போமே, அதே போல. அதன்பின் தேத்தண்ணி வரும். பொட்டு வைத்தவனுக்குத்தான் முதல் கோப்பை.

எந்தப் பயிற்சிக் கைநூலிலும் இந்த வழக்கம் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு ஜீப்பின் முதல் ஸ்டார்ட்டைக் கண்டேன். பெற்றோல் எஞ்சின். காபரேற்றருக்குள் நேரடியாகப் பெற்றோல் ஊற்றித் திருப்பப் பார்த்தார்கள். எனக்குப் பதறியது. சேர்ந்த அன்றே பாதுகாப்பு விதிகளைப் பாடமாக்கியிருந்தேன். சேர்ந்த அன்றே பாடமாக்கிய வேறு ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

"நானா, விதிப்படி ஒருத்தர் மணல் வாளியோட பக்கத்தில நிக்கவேணும்" என்றேன்.

ஹனீபா நானா என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கிய சிவப்பு வாளியைப் பார்த்தார்.

"அப்ப நீயே புடி மனே" என்றார்.

அவ்வளவுதான். என் பயிற்சிக் காலத்தின் விதி அந்த இடத்தில் எழுதப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து எந்த முதல் ஸ்டார்ட் என்றாலும் "வாளி எங்க?" என்று குரல் வரும், வாளி என்றால் நான். திறப்பு வேறு வேறு கைகளுக்குப் போகும், அதிகமாகப் பஸ்ரியனின் கைக்குப் போகும். நான் அவனுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், மண் நிறைந்த வாளியோடு நிற்பேன். முதற் கோப்பைத் தேத்தண்ணியை அவன் உறிஞ்சும் சத்தத்தை மிகக் கிட்டத்தில் கேட்டவன் நான். பரீட்சைகளில் நான் முதலாவது. அவன் கடைசிக்கு முதல். அதை அவனே எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிவான். ஒருவன் தோற்றதைப் பெருமையாகச் சொன்னால் வென்றவன் என்ன செய்வது? அதற்கும் விதி இல்லை.

வாளிக்கு வேலை வந்த நாள் ஒன்றும் உண்டு.

ஒரு கார் எஞ்சின். பல மாதம் உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்து செய்து முடித்தது. திறப்பு வழக்கம் போலப் பஸ்ரியனுக்கு. ஸ்டார்ட் பிடிக்கவில்லை. அவன் இறங்கி வந்து, காபரேற்றருக்கு மேலே குனிந்து, வேறொருவனைத் திருப்பச் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்க்கக் கூடாது என்று விதி. பின்னடி அடித்தது. காபரேற்றர் வாயிலிருந்து நெருப்பு அவன் முகத்துக்கு எழும்பியது. நான் வாளியை அப்படியே கவிழ்த்தேன். முழுவதும், ஒரு மணியும் மிச்சம் வைக்காமல்.

நெருப்பு அணைந்தது. பஸ்ரியனுக்கு ஒரு புருவம் மட்டும் போனது. மண்ணோ காபரேற்றர் வழியாகப் புது எஞ்சினுக்குள் போனது. புதுப் பிஸ்ரன், புது வளையம், பெருப்பித்த துளை, எல்லாவற்றுக்கும் நடுவில் திருகோணமலைக் கடற்கரை மண். திரும்ப அடியிலிருந்து தலைவரை கழற்ற வேண்டியதாயிற்று.

எல்லாரும் வாய் பிளந்து நிற்க, ஒற்றைப் புருவத்தோடு பஸ்ரியன் சொன்னான்:

"மச்சான், நெருப்பும் அணைஞ்சுது, எஞ்சினும் அணைஞ்சுது."

வேலைத்தலம் முழுக்கச் சிரித்தது. ஹனீபா நானா கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு மூடியிருந்தால் போதும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எரிபொருள் நெருப்புக்கு மணல் என்பது விதி. இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்தது சரி. ஆனால் அந்த நாளைப் பற்றி ஊரில் வழங்கும் கதையில் பஸ்ரியனின் வசனம்தான் இருக்கிறது, என் சரி இல்லை.

பிறகு நான் கொழும்புக்குப் போய் டிப்ளோமா முடித்து, திருகோணமலையிலேயே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியராக வந்தேன். சுவரில் வரைபடங்கள், வெட்டிக் காட்டிய எஞ்சின், கரும்பலகை. எஞ்சின் தலைப் போல்ற்றுகளை நடுவில் தொடங்கி வெளியே போகும் ஒழுங்கில், மூன்று தடவையாக இறுக்க வேண்டும் என்பதை என் மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். பஸ்ரியன் துறைமுகத்தை விட்டுவிட்டு உள்துறைமுகப் பக்கம், ஒரு மாமரத்துக்குக் கீழே கராஜ் போட்டான். ஆளுக்கொரு வழி, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

பயிற்சி நெறியின் கடைசிப் பகுதி வெளிக் கராஜ்களில் வேலைப் பழக்கம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எந்தக் கராஜ் வேண்டும் என்று கேட்டால் வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கும். "பஸ்ரியன் அண்ணையிட்ட." போய் வந்தவர்கள் அவனைப் போல நடந்தார்கள், அவனைப் போலத் துணியைத் தோளில் போட்டார்கள். நான் ஒன்றை விளக்கி முடித்ததும் பின்வரிசையில் ஒருவன் மெதுவாக, "பஸ்ரியன் அண்ணை வேற மாதிரிச் சொன்னவர் சேர்" என்பான். அந்த வசனத்தைக் கேட்டுக்கேட்டு என் காதில் தழும்பு இருக்கிறது.

அவன் எப்படிப் படிப்பித்தான் தெரியுமா? வாயால். பேசி அல்ல, எஞ்சின் சத்தங்களை வாயால் போட்டுக் காட்டுவான். தேய்ந்த பிஸ்ரன் குளிரில் தட்டும் சத்தம் ஒன்று, வால்வு இடைவெளி கூடினால் வரும் சத்தம் இன்னொன்று, அடிப் பெயாரிங் போகப்போகிற லொறி கன்னியா ஏற்றத்தில் முனகுவது வேறொன்று. கட்டைபறிச்சானிலிருந்து உழவு இயந்திரம் கொண்டுவருகிற கமக்காரர் நோயைச் சொல்லத் தொடங்க முன்னமே, "அண்ணை, இப்பிடியோ கத்துது?" என்று போட்டுக் காட்டுவான். "ஓம் தம்பி, இதேதான், இதேதான்!" என்று அவர்கள் கைதட்டாத குறை. வைத்தியரும் அவனே, நோயாளியும் அவனே.

நானும் முயன்றேன். குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. வால்வுச் சத்தம் ஓரளவு வந்தது. அடிப் பெயாரிங்கைத் தொண்டைக்குள் இருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கதவில் தட்டினாள் மனைவி.

"என்னப்பா, வயித்துக்க ஏதும் செய்யுதோ?"

அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு விடயத்தில் அவன் பிழை, நான் சரி. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன். எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் கதவு மாதிரி. எஞ்சின் சூடாகும் வரை பூட்டிக்கொண்டு நிற்கும். சூடானதும் திறந்து தண்ணீரை விடும். எங்கள் ஊர்க் கராஜ்காரர் லொறி வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். "இந்த வெயிலுக்கை என்ன கதவு? திறந்துவிட்டா நல்லாக் காத்தோடும்" என்பது அவர்கள் பௌதிகம். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமல் ஓடினால் எண்ணெய் குடிக்கும், உள்ளே தேயும், ஆயுள் குறையும் என்று நான் ஆண்டுதோறும் படம் கீறினேன். மாணவர்கள் ஆண்டுதோறும் அதைப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்தார்கள். வெளியே போய்க் கழற்றி எறிந்தார்கள்.

பஸ்ரியன் எறியக்கூட இல்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு கம்பியில் கோத்து மாமரத்தில் தொங்கவிட்டான். காற்று வந்தால் கிணுகிணு என்று அடிக்கும். நான் அந்த வழியால் சைக்கிளில் போகும்போதெல்லாம், "மச்சான், உன்ர பாடம் ஆடுது பார்!" என்று உள்ளே இருந்து கத்துவான். வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அதில் பாதிப்பேர் என் மாணவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபத்தில் என்றே வையுங்களேன், ஒரு தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் பால்ச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூலில் கட்டி உள்ளே இறக்கினேன். அது திறக்கிற சூட்டை அளந்து, திங்கட்கிழமை வகுப்பில் நிரூபிப்பது என் திட்டம். எஸ்தருக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி நின்று சட்டிக்குள் பார்த்தாள். தண்ணீர் சுட்டது, ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சுட்டது. பிறகு அந்தப் பித்தளைக் கதவு தானாக மெல்ல எழும்பியது.

"அப்பா, ஆர் அதைத் திறந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நேரம் வந்தா அதுவே திறக்கும்."

பால்ச் சட்டிக்காக நான் வாங்கிய பேச்சு வேறு கட்டுரை.

அந்தப் பிள்ளை வளர்ந்து என் வகுப்பிலேயே வந்து சேர்ந்தாள். மகள் என்பதற்காக ஒரு புள்ளியும் கூடக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். பெறுபேறு வந்த அன்று, கையில் ஐஸ்கிறீம் பெட்டியோடு நான் வீட்டுக்குள் நுழைய, வாசலிலேயே சொன்னாள்.

"அப்பா, நான் பஸ்ரியன் மாமாட்ட வேலைக்குப் போறன்."

"ஏன்? என்னட்ட என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. உங்களிட்டப் படிச்சாச்சு."

ஐஸ்கிறீமை நான் தின்னவில்லை. படிச்சாச்சு. முடிந்துபோன பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைப்பது போல. அவனிடம் இருந்த காலமெல்லாம் வீட்டில் அவள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் எஞ்சின் சத்தம் போட்டாள். மிக நன்றாகப் போட்டாள். குளியலறைக்குள் ஒளிந்து அல்ல, நடு வீட்டில். பஸ்ரியனின் கராஜிலும் முதல் ஸ்டார்ட் வழக்கம் இருந்தது. ஹனீபா நானாவைப் போலவே பையிலிருந்து திறப்பை எடுப்பானாம். அவளுக்கு முதன்முதலாகத் திறப்புக் கிடைத்த அன்று கைவிரலில் கரியோடு வீட்டுக்கு வந்தாள். கழுவச் சொன்னேன். கழுவவில்லை. எனக்கு ஒருபோதும் கிடைக்காத கரி என் வீட்டு மேசையில் இருந்து சோறு தின்றது.

இப்போது பஸ்ரியன் கனடாவில், மகனோடு. போகும்போது தன் கராஜ் ஆயுதங்களில் பாதியை எஸ்தருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஏதாவது சிக்கல் வந்தால் அவள் போன் எடுப்பது அங்கேதான். ஒன்பது நிமிட நடையில் நான் இருக்கிறேன்.

ஆகவே நேற்றைய வெள்ளைச் சேட்டை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

கராஜில் லொறிச் சொந்தக்காரர் சிவம் சல்லியிலிருந்து வந்து நின்றார். முன் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்திருந்தார். எஸ்தர் நீல வேலைச் சேட்டும் காற்சட்டையுமாக, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் பழக்கத்தில் சுவரைப் பார்த்தேன், வாளி இல்லை. சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று கொளுவியில் தொங்கியது. நல்லது, இன்றைக்குக் கை வெறுமையாக இருக்கிறது என்று நினைத்தேன்.

எஸ்தர் சேட்டுப் பையிலிருந்து திறப்பை எடுத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தில் நிறுத்தினாள். என்னை நோக்கி வந்தாள். நான் அவசரமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். முதல் ஸ்டார்ட்டில் விதி மீறக் கூடாதே. வலது கையை நீட்டினேன்.

கையில் ஒரு போன் வந்து விழுந்தது.

"அப்பா, இதை எஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கோ. பஸ்ரியன் மாமா லைன்ல நிக்கிறார். நீங்கள்தான் கை நடுங்காமப் பிடிப்பீங்கள்."

குனிந்து பார்த்தேன். கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து பஸ்ரியன் சிரித்தான். இரண்டு புருவமும் நரைத்திருந்தது.

"மச்சான்! ஆருக்குக் கலியாணம், வெள்ளைச் சேட்டோட?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் வாளியோடு நின்ற காலத்தில் பாரம் மட்டும்தான் இருந்தது, வாளி கதைக்கவில்லை. இப்போது அவனையே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, பொறு, திருப்பாத!" என்று போனுக்குள் இருந்து கத்தினான். "வாளி எங்க?"

"சிலிண்டர் இருக்கு மாமா."

"சிலிண்டர் கிடக்கட்டும். உங்கட அப்பா ஒரு கை தூரத்தில நிக்கிறாரோ? அந்தக் காலத்தில அவர் நிண்டாத்தான் நான் திருப்புவன். இந்த மூஞ்சை இவ்வளவு காலம் முகமா இருக்கிறது அவரால. நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீங்களோ அந்தக் கதையை?"

மண் கொட்டிய கதையைச் சொன்னான். வாயால் நெருப்புச் சத்தம் போட்டான், மண் விழும் சத்தம் போட்டான். சிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் செயலுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சான்றிதழ் அது. நான் வருஷக்கணக்கில் வேண்டிக்கொண்டு திரிந்த வசனம். அதையும் அவன்தான் சொன்னான். அதற்கும் கைதட்டு அவனுக்குத்தான்.

எஸ்தர் தானே ஏறினாள். அவளுடைய எஞ்சின், சரிதான். ஒரு தடவை முனகியது, இரண்டாம் தடவை பிடித்தது. கரும்புகை ஒன்று எழுந்து வெளுத்தது. அவள் குதித்து இறங்கி ஓடி, குழாய் வாயில் விரலை வைத்து, வெள்ளி மூடியில் கரிப் பொட்டு வைத்தாள்.

"மூண்டாவது வால்வு கொஞ்சம் கதைக்குது பிள்ளை, பிறகு பார்" என்றான் பஸ்ரியன். அத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, கைப்பேசியின் ஓட்டைக்குள்ளால். நம்புகிறீர்களா? எஸ்தர் தலையாட்டினாள். நம்புகிறாள்.

தேத்தண்ணி வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். நான் போனோடு எஞ்சினடியில் நின்றேன். முதல் ஓட்டத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்காவிட்டாலும் தெரியும். எண்ணெய் அமுக்கம் பார்த்தேன். கசிவு பார்த்தேன். எஞ்சின் உடலில் புறங்கையை வைத்தேன், நல்ல சூடு. பிறகு பழக்கத்தில் ரேடியேற்றருக்குப் போகிற மேல்குழாயைப் பிடித்தேன்.

குளிர்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தெர்மோஸ்டாட் கதவைக் கழற்றிய எஞ்சினில் அந்தக் குழாய் இதற்குள் சுட்டிருக்க வேண்டும்.

"என்ன மச்சான் சத்தத்தைக் காணேல்ல? சூடேறிட்டுதோ?"

"எஞ்சின் ஏறிட்டுது. மேல்குழாய் இன்னும் இல்லை."

அவன் மடையனல்ல.

"அவள் அதைப் போட்டிருக்கிறாளோ?"

"ஓம். போட்டிருக்கிறாள்."

"என்னட்டக் கேட்டவள். வேண்டாமெண்டு சொன்னனான்." குரலில் பாட்டு இல்லை. "ரெண்டு தரம் சொன்னனான்."

அந்த நேரம் பார்த்துக் குழாய் என் உள்ளங்கைக்குள் சூடானது. மெல்ல அல்ல, ஒரே தரமாக, உள்ளே யாரோ திறந்துவிட்டது போல. நான் கையை எடுக்கவில்லை.

"திறந்திட்டுது" என்றேன்.

"சரி மச்சான், வைக்கிறன். இஞ்ச விடியுது, எனக்கு வேலை கிடக்கு."

அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மகனும் மருமகளும் போன பிறகு சன்னலுக்குப் பக்கத்தில் இருப்பான் என்று அவனே சொல்லியிருக்கிறான். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஐஸ்கிறீம் பெட்டியோடு வாசலில் நின்ற அன்று அது என் தொண்டையில் இருந்தது. இந்த ஊரில் அதை என்னளவு பழகியவர் இல்லை. அவன் வாயில் அதை நேற்றுத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எல்லாச் சத்தமும் போடத் தெரிந்தவனுக்கு அதை மறைக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கையை முகர்ந்து பார்த்தேன்: சூடான ரப்பர், கொஞ்சம் கருவாடு. அந்தத் துறைமுக வேலைத்தலம் இப்போது இல்லை; அந்தத் தகரக் கூரை நின்ற இடத்தை வெளியிலிருந்து காட்டக்கூட எனக்குத் தெரியாது. ஹனீபா நானா இல்லை. சிவப்பு வாளி இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கத் தேவையில்லை. பஸ்ரியனின் கராஜ் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, கீழே தரைக்கல் விற்கிறார்கள். மாமரத்தைத் தறித்த அன்று அந்தக் கம்பிக் கோவையைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனானாம். அந்த வழியால் போகும்போது இப்போது என் பாடத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பாடம் என்று ஒன்று அங்கே தொங்கியது என்பதும் யாருக்கும் தெரியாது.

இரவு சாப்பாட்டு நேரம் எஸ்தர் போன் எடுத்தாள்.

"அப்பா, பஸ்ரியன் மாமா டக்கெண்டு வைச்சிட்டார் போல. என்ன சொன்னவர் கடைசியா?"

"சத்தம் நல்லாயிருக்காம்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லேல்ல."

கரிப் பொட்டு அவளுக்கு, கைதட்டு அவனுக்கு. இந்த ‘ரெண்டு தரம் சொன்னனான்’ ஒன்றையாவது நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.